எவன்ஸ் கேம்பிட்டா, ஸ்காட்ச் கேம்பிட்டா? கிளப் ஆட்டக்காரர் தொடக்கங்களைக் கற்பது குறித்து

கேள்வி – ஞாயிறு ஆட்டக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் வேலைக்குச் செல்பவன். வார இறுதிகளில் நடக்கும் சதுரங்க ரேட்டிங் போட்டிகளில் வாய்ப்புக் கிடைக்கும்போது விளையாடுகிறேன். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் 1600-ஐ ஒட்டியே நிற்கிறது. வெள்ளையில் 1.இ4 ஆடுவேன். எதிராளி 1...இ5 என்று பதிலளித்தால் இத்தாலியன் தொடக்கம். அதிலும் டி3 வைத்து மெதுவாகக் காய்களை அடுக்கும் வகை. அது நல்ல தொடக்கம்தான், முன்னணி கிராண்ட்மாஸ்டர்கள் இன்று விரும்பி ஆடுவதும் அதுதான் என்பதை அறிவேன். ஆனால் காய்கள் எல்லாம் வெளியே வந்த பிறகு எந்தப் பக்கம் நகர்வது என்று புரியாத நிலைகளே எனக்குத் தொடர்ந்து வாய்க்கின்றன. எதிராளியும் அவசரமில்லாமல் தன் காய்களை அடுக்கிக்கொள்கிறார்.

ஆகவே தொடக்கத்திலேயே சிப்பாயைக் கொடுத்து வேகம் பெறும் கேம்பிட் வகைகளுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். இணையத்தில் ஐந்து நிமிட ஆட்டங்களில் எங்லண்ட், ஸ்டாஃபோர்டு போன்றவற்றைக் கறுப்பில் ஆடி எளிதாக வெற்றிபெறும் பலரைப் பார்க்கிறேன். ஆனால் 90 நிமிடமும் நகர்த்தலுக்கு 30 விநாடியும் கிடைக்கும் போட்டிகளில் அவை தாங்குமா? வெள்ளையில் எவன்ஸ், ஸ்காட்ச், டேனிஷ், கிங்ஸ் கேம்பிட் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் எதைத் தேர்வது, ஏன்?

இரண்டாவது ஐயம், கற்கும் முறையைப் பற்றியது. பணம் கட்டி வாங்கிய பாடத்தொகுப்புகளில் நூற்றுக்கணக்கான கிளைகள் இருக்கின்றன. மனப்பாடம் செய்கிறேன், எதிராளியோ ஆறாவது நகர்த்தலிலேயே பாடத்தில் இல்லாத ஒன்றை ஆடிவிடுகிறார். வேலைக்கிடையே கிடைக்கும் நேரத்தில் தொடக்கங்களை எப்படிக் கற்பது பயன் தரும்? 1.டி4-க்கு எதிராகக் கறுப்பில் எனக்கு உறுதியான விடை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

பதில் – பழைய பலகை

வணக்கம் நண்பரே. இளையோருக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில் இதே கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். கேம்பிட் என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறுபட்ட பண்டங்கள் விற்கப்படுகின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் வகையில், எதிராளி ஒரு குறிப்பிட்ட பிழையைச் செய்தால் ஆட்டம் உடனே முடிந்துவிடும். செய்யாவிட்டால் சிப்பாயைக் கொடுத்தவருக்கு எதுவும் மிஞ்சாது. எங்லண்ட் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1.டி4 இ5 2.டி சிப்பாய் இ5-ஐ வெட்டுகிறது, குதிரை சி6 3.குதிரை எஃப்3 ராணி இ7 4.மந்திரி எஃப்4 ராணி பி4 செக் 5.மந்திரி டி2 ராணி பி2-ஐ வெட்டுகிறது. இங்கே வெள்ளை 6.மந்திரி சி3 என்று ஆடினால் 6...மந்திரி பி4 வந்து ஆட்டம் சரிந்துவிடுகிறது, 7.ராணி டி2 என்று தடுத்தாலும் சி3-இல் மந்திரிகள் வெட்டிக்கொண்டு, வெள்ளை ராணி அங்கே வந்தவுடன் சி1-இல் செக்மேட். ஆனால் 6.குதிரை சி3 என்ற ஒரே நகர்த்தலை அறிந்தவருக்கு எதிராகக் கறுப்பின் ராணி வெளியே அலைந்துகொண்டிருக்க, வெள்ளையின் காய்கள் அனைத்தும் வளர்ந்துவிடும். ஸ்டாஃபோர்டும் அப்படியே. 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3.குதிரை இ5-ஐ வெட்டுகிறது, குதிரை சி6 4.குதிரை சி6-ஐ வெட்டுகிறது, டி சிப்பாய் சி6-ஐ வெட்டுகிறது 5.டி3 மந்திரி சி5 என்ற நிலையில் 6.மந்திரி ஜி5 ஆடுபவர் 6...குதிரை இ4-ஐ வெட்டுவதைக் கண்டு திகைப்பார். ராணியை 7.மந்திரி டி8-இல் வெட்டினால் 7...மந்திரி எஃப்2-ஐ வெட்டிச் செக், 8.அரசன் இ2 மந்திரி ஜி4 செக்மேட். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 6.மந்திரி இ2 என்று அமைதியாக ஆடி, பின்னர் சி3, டி4 என்று கறுப்பு மந்திரியை விரட்டும் திட்டத்தை வைத்திருப்பவருக்கு ஒரு சிப்பாய் வெறுமனே மிச்சம். 90 நிமிடம் கையில் இருக்கும் எதிராளி, இந்த வரிசைகளை முன்பு பார்த்திராவிட்டாலும் பலகையிலேயே யோசித்துக் கண்டுபிடிக்க நேரம் இருக்கிறது. 2024 மார்ச் முதல் ஃபிடே பட்டியல் 1400-இலிருந்துதான் தொடங்குகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அப்பட்டியலில் இருப்பவர் எவரும் முதல் பொறியில் விழும் அளவுக்குப் புதியவர் அல்லர்.

இரண்டாம் வகையில், எதிராளி சிப்பாயை எடுத்துச் சிறந்த முறையிலேயே ஆடினாலும் கொடுத்ததற்கு ஈடாக ஏதோ ஒன்று உங்கள் கையில் இருக்கும். காய்கள் முந்தி வெளிவருதல், திறந்த வரிசைகள், மையத்தில் சிக்கிய எதிர் அரசன் என்று அந்த ஈடு பலவகைப்படும். ஒரு சிப்பாய்க்கு மூன்று நகர்த்தல் முன்னேற்றம் கிடைத்தால் கணக்கு சரி என்பது பழைய ஆசிரியர்கள் சொன்ன தோராய அளவு. இன்றும் அது கைகொடுக்கிறது. ஒரு கேம்பிட்டை ஆடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க நான் மாணவர்களிடம் கேட்பது இதைத்தான்: எதிராளி சிறந்த விடையை ஆடிய பிறகு, பத்தாவது நகர்த்தலில் உன்னிடம் என்ன இருக்கும் என்று ஒரே வாக்கியத்தில் சொல். சொல்ல முடியாவிட்டால் அந்தக் கேம்பிட் இன்னும் கற்கப்படவில்லை.

அந்த அளவுகோலில் நீங்கள் கேட்ட நான்கையும் பார்ப்போம்.

டேனிஷை முதலில் ஒதுக்கிவிடலாம். 1.இ4 இ5 2.டி4 டி4-ஐ வெட்டுகிறது 3.சி3 சி3-ஐ வெட்டுகிறது 4.மந்திரி சி4 பி2-ஐ வெட்டுகிறது 5.மந்திரி பி2-ஐ வெட்டுகிறது என்று இரண்டு சிப்பாய்களைக் கொடுத்து இரண்டு மந்திரிகளை எதிரி அரசனை நோக்கி நிறுத்துகிறோம். ஆனால் 5...டி5 என்று கறுப்பு உடனே திருப்பிக் கொடுத்தால் 6.மந்திரி டி5-ஐ வெட்டுகிறது, குதிரை எஃப்6 7.மந்திரி எஃப்7-ஐ வெட்டிச் செக், அரசன் எஃப்7-ஐ வெட்டுகிறான் 8.ராணி டி8-ஐ வெட்டுகிறது, மந்திரி பி4 செக் என்று ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போய்விடுகின்றன. தாக்குதலுக்காகக் கேம்பிட் ஆடியவர் சமமான இறுதி ஆட்டத்தில் உட்கார்ந்திருப்பார். கிங்ஸ் கேம்பிட் (1.இ4 இ5 2.எஃப்4) வேறு கதை. 1960-இல் மார் டெல் பிளாட்டாவில் ஸ்பாஸ்கியிடம் அதில் தோற்ற ஃபிஷர், 3...டி6 ஆடினால் அந்தத் தொடக்கமே முடிந்தது என்று 1961-இல் கட்டுரை எழுதினார். அவரே சில ஆண்டுகளுக்குள் 3.மந்திரி சி4 என்ற கிளையைத் தேர்ந்து கிங்ஸ் கேம்பிட் ஆடி வென்றார். இன்றைய சதுரங்கக் கணினி நிரல்களான எஞ்சின்கள் கறுப்புக்குச் சற்று ஆதரவாகப் பேசினாலும் அது ஆடத்தக்கதே. ஆயினும் சொந்த அரசனின் பக்கத்தைத் திறந்துவிட்டு ஆடுவதால், அதைக் கற்க உங்களிடம் இருப்பதாகச் சொல்லும் நேரம் போதாது.

எவன்ஸ் கேம்பிட்டைத்தான் நான் பரிந்துரைப்பேன். நீங்கள் ஏற்கெனவே இத்தாலியன் ஆடுபவர் என்பது முதல் காரணம், 1.இ4 இ5 2.குதிரை எஃப்3 குதிரை சி6 3.மந்திரி சி4 மந்திரி சி5 வரை எதுவும் மாறப்போவதில்லை, 4.பி4 மட்டுமே புதிது. வேல்ஸ் நாட்டுக் கப்பல் தலைவர் வில்லியம் டேவிஸ் எவன்ஸ் 1820களில் கண்டறிந்த இந்த நகர்த்தலின் கருத்து மிக எளியது. கறுப்பு மந்திரி பி4-ஐ வெட்டியதும் 5.சி3 என்று அதைத் தாக்கி ஒரு நகர்த்தலை ஈட்டுகிறோம். அடுத்து டி4 வந்து மையம் நம்முடையதாகிறது. பி3-இல் ராணியும் சி4-இல் மந்திரியும் எஃப்7-ஐக் குறிவைக்கின்றன. பி சிப்பாய் போய்விட்டதால் ஏ3-க்கு மற்றொரு மந்திரி வந்து எஃப்8-ஐக் கண்காணித்து, கறுப்பு கோட்டை கட்டுவதைத் தடுக்கிறது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது என்பதே இதன் சிறப்பு.

எதிராளியின் நல்ல விடைகளை அறியாமல் இதை ஆடக்கூடாது. 5...மந்திரி ஏ5 6.டி4 டி4-ஐ வெட்டுகிறது 7.கோட்டை கட்டுதல் என்ற நிலையில் பேராசையோடு 7...சி3-ஐயும் வெட்டுபவர் 8.ராணி பி3-க்குப் பிறகு கடும் தாக்குதலைத் தாங்க வேண்டியிருக்கும். ஆனால் 7...குதிரை ஜி8-இலிருந்து இ7, பிறகு டி5 என்று மையத்தில் இடிப்பவருக்கு ஏறக்குறைய சமநிலை கிடைக்கும். முன்னாள் உலகச் சாம்பியன் லாஸ்கர் காட்டிய வழியும் உண்டு. வெள்ளை ஆறாவது நகர்த்தலில் டி4-க்கு முன்னரே கோட்டை கட்டினால், 6...டி6 7.டி4 மந்திரி பி6 என்று கறுப்பு ஆடுபவர் சிப்பாயைத் திருப்பிக் கொடுக்க முன்வருவார். வெள்ளை அவசரப்பட்டு இ5-இல் வெட்டி ராணிகளை மாற்றிக்கொண்டு சிப்பாயை மீட்டால், ஏ வரிசையில் தனித்து நிற்கும் தன் சிப்பாயோடு இறுதி ஆட்டத்தில் துன்பப்பட வேண்டியதுதான். அதனால்தான் 6.டி4 என்ற வரிசை இன்று விரும்பப்படுகிறது, 6...டி6-க்கு 7.ராணி பி3 என்று விடை தரலாம்.

நம்மவர்கள் தவறாமல் ஆராய வேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு. 1995-இல் ரிகாவில் டால் நினைவுப் போட்டியில் காஸ்பரோவ் ஆனந்துக்கு எதிராக எவன்ஸ் ஆடினார். ஆனந்த் 5...மந்திரி இ7 என்று பின்வாங்கி, 6.டி4-க்கு 6...குதிரை ஏ5 என்று சி4 மந்திரியைத் தாக்கினார். இங்கே இ5-இல் சிப்பாயை மீட்டுக்கொள்வதைவிட, மந்திரியைக் காப்பாற்றி 7.இ2-க்குப் பின்வாங்கினார் காஸ்பரோவ். பிறகு டி4-இல் ராணி வெட்டி, இ5 தள்ளி, ராணியை எச்4 வழியாக ஜி3-க்குக் கொண்டுவந்து ஜி7-ஐத் தாக்கினார். கறுப்பு ஜி6 ஆட வேண்டிய கட்டாயம் வந்தது, அரசனைச் சுற்றிய கறுப்புக் கட்டங்கள் பலவீனமாயின. 25 நகர்த்தல்களில் ஆட்டம் முடிந்தது. அந்த ஆட்டத்தில் பொறி எதுவும் இல்லை. உலக முன்னணி ஆட்டக்காரர் ஒருவரின் காய்கள் இருந்த இடத்தை விட்டு வர இயலாமல் தவித்தன. கேம்பிட்டின் ஈடு என்று நான் சொல்வது அதைத்தான்.

பதில் – எஃப்7

பழைய பலகை ஐயா கூறியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் கிளப் ஆட்டக்காரருக்கு எவன்ஸைவிட ஸ்காட்ச் கேம்பிட் நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து. எவன்ஸ் ஆட வேண்டுமானால் எதிராளி 3...மந்திரி சி5 ஆட வேண்டும். 3...குதிரை எஃப்6 என்று ஆடுபவர்கள் நம் நிலையில் ஏராளம். அப்போது எவன்ஸுக்காகச் செய்த தயாரிப்பு முழுவதும் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

ஸ்காட்ச் கேம்பிட்டில், 2...குதிரை சி6-க்குப் பிறகு 3.டி4 டி4-ஐ வெட்டுகிறது 4.மந்திரி சி4 என்று ஆடுகிறோம். 4...மந்திரி சி5 வந்தால் 5.சி3, அதைக் கறுப்பு 5...சி3-இல் வெட்டினால் 6.மந்திரி எஃப்7-ஐ வெட்டிச் செக், அரசன் வெட்டுகிறான், 7.ராணி டி5 செக் என்று சி5 மந்திரியை மீட்டுக்கொள்கிறோம். கறுப்பு அரசன் கோட்டை கட்டும் உரிமையை இழந்து நிற்கிறான். 5...குதிரை எஃப்6 என்றால் 6.சி சிப்பாய் டி4-ஐ வெட்டி, நீங்கள் அறிந்த இத்தாலியனின் பழைய கிளைக்கே வந்துவிடுகிறோம். 4...குதிரை எஃப்6 என்றால் 5.கோட்டை கட்டுதல், 3.மந்திரி சி4-க்கு 3...குதிரை எஃப்6 என்று பதில் வரும் இரு குதிரைத் தடுப்பில் 4.டி4 ஆடுபவரும் இதே நிலைக்குத்தான் வருகிறார். அங்கே 5...குதிரை இ4-ஐ வெட்டினால் 6.யானை இ1 டி5 7.மந்திரி டி5-ஐ வெட்டுகிறது, ராணி வெட்டுகிறது 8.குதிரை சி3 என்ற அழகிய நகர்த்தல் இருக்கிறது. டி4 சிப்பாய் சி3-ஐ வெட்டினால் டி வரிசை திறந்து ராணி போய்விடும். இ4 குதிரையோ அரசனுக்கு முன்னால் யானையின் பார்வையில் நிற்பதால் நகர இயலாது. வெள்ளை காயை மீட்டுக்கொள்கிறது, நிலை சமம், ஆனால் காய்கள் துடிப்பானவை.

5...மந்திரி சி5 என்றால் 6.இ5 ஆடி மேக்ஸ் லாங்கே தாக்குதலுக்குள் நுழைகிறோம். 6...டி5 7.இ சிப்பாய் எஃப்6-ஐ வெட்டுகிறது, டி சிப்பாய் சி4-ஐ வெட்டுகிறது 8.யானை இ1 செக், மந்திரி இ6 9.குதிரை ஜி5 என்ற நிலையில் இயல்பாகத் தோன்றும் 9...ராணி எஃப்6-ஐ வெட்டுதல் பெரும்பிழை, 10.குதிரை இ6-ஐ வெட்டி, 11.ராணி எச்5 செக் கொடுத்துச் சி5 மந்திரியைத் தூக்கிவிடலாம். 9...ராணி டி5 என்பதே சரி, அதற்கு 10.குதிரை சி3 ராணி எஃப்5 என்று ஆட்டம் தொடர்கிறது. கறுப்பு சரியாக ஆடினால் தோற்காது. ஆனால் சரியான நகர்த்தல்களை அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கும் சுமை அவருடையது. 1600 நிலையில் அந்தச் சுமைக்கே ஒரு மதிப்பு உண்டு.

அடுத்து, கற்கும் முறை. நூற்றுக்கணக்கான கிளைகள் கொண்ட பாடத்தொகுப்பு, தொகுத்தவருக்கே பெரும்பாலும் பயன்படுகிறது என்று சற்றுக் கடுமையாகச் சொல்வேன். அவற்றில் உள்ள விடைகள் எஞ்சினுக்கு எஞ்சின் ஆடும் சிறந்த நகர்த்தல்கள். உங்கள் எதிராளி ஆடுவதோ 1600 நிலை மனிதரின் நகர்த்தல்கள். லிச்செஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தொடக்கத் தேடுபொறியில், மாஸ்டர்களின் ஆட்டங்களை மட்டும் பார்க்காமல் ரேட்டிங், நேர அளவு ஆகியவற்றை உங்கள் நிலைக்கு ஏற்ப வடிகட்டிப் பாருங்கள். ஒரு நிலையில் உங்களைப் போன்றவர்கள் அதிகம் ஆடும் விடைகள் மூன்றோ நான்கோதான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் தயாராகுங்கள். அதே கருவியில் உங்கள் பயனர் பெயரைக் கொடுத்தால் உங்கள் சொந்த ஆட்டங்களில் எந்த நகர்த்தல் எத்தனை முறை வந்தது, முடிவு என்ன ஆனது என்பதும் தெரியும். பாடத்தொகுப்பு எதுவும் உங்களுக்குச் சொல்லாத செய்தி அது.

நான் வைத்திருக்கும் கோப்பு மிகச் சிறியது. இணையத்தில் பதினைந்து நிமிட ஆட்டம் ஒன்று முடிந்ததும், எஞ்சினைத் திறப்பதற்கு முன், எந்த நகர்த்தலிலிருந்து என் அறிவு தீர்ந்துபோனது, அங்கே நான் என்ன நினைத்து ஆடினேன் என்று ஒரு வரி எழுதுகிறேன். பிறகு எஞ்சினின் கருத்தைப் பார்த்து, அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஒரு நகர்த்தலையும் அதற்கான காரணத்தையும் கோப்பில் சேர்க்கிறேன். பலகையில் இதுவரை எனக்கு வராத கிளை எதுவும் கோப்பில் சேர்வதில்லை. இப்படி வளரும் கோப்பு மெதுவாகத்தான் வளரும். ஆனால் அதில் உள்ளவை மறப்பதில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றும் ஏற்கெனவே ஒருமுறை கடிகாரம் ஓட ஓட யோசித்த நிலை.

எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை. 0.3, 0.4 என்று எதிராளிக்குச் சாதகம் காட்டுகிறது என்பதற்காக ஒரு கேம்பிட்டைக் கைவிட வேண்டாம்; அந்த வேறுபாட்டை வெற்றியாக்கும் திறன் நம் எதிராளிகளிடம் இல்லை. ஆனால் முழு ஒரு சிப்பாய் அளவைத் தாண்டிக் காட்டினால், எங்லண்டைப் போல, ஐயா சொன்ன முதல் வகை அது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு ஆட்டக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு ஐயம் எஞ்சுகிறது. எவன்ஸை எதிராளி ஏற்காமல் 4...மந்திரி பி6 என்று பின்வாங்கினால் என்ன செய்வது? சிப்பாயைக் கொடுத்துத் தாக்குவதற்கே ஆயத்தமாக வந்தவனுக்கு அது மீண்டும் பழைய மெதுவான இத்தாலியனாக மாறிவிடாதா? 1.இ4-க்குக் கறுப்பு ஆடும் சிசிலியன் (1...சி5), பிரெஞ்சு (1...இ6) ஆகியவற்றுக்கும் கேம்பிட் வேண்டுமா என்பதையும், கறுப்பில் 1.டி4-க்கு எதிராகப் பென்கோ பொருந்துமா என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில் – பழைய பலகை

4...மந்திரி பி6 வந்தால் 5.ஏ4 ஆடுங்கள். அடுத்து ஏ5 வந்தால் அந்த மந்திரிக்குப் போக நல்ல கட்டம் இல்லை. பி4 சிப்பாய் சி5-ஐயும் எஃப்3 குதிரை டி4-ஐயும் பார்த்துக்கொள்கின்றன, ஏ7-இல் அதன் சொந்தச் சிப்பாய் நிற்கிறது. ஆகவே கறுப்பு 5...ஏ6 ஆடி ஏ7-ஐ மந்திரிக்குத் திறந்துவைக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் சிப்பாய் எதையும் கொடுக்காமல் ராணிப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டீர்கள். தாக்குதல் அல்லதான், ஆனால் நீங்கள் முறையிட்ட பழைய இத்தாலியனைவிட இங்கே செய்வதற்கு வேலை அதிகம்.

எஃப்7 சொன்ன ஸ்காட்ச் கேம்பிட்டை நான் மறுக்கவில்லை. வரிசைகள் ஒன்றோடொன்று இணைவது அதன் வலிமை என்பதை ஏற்கிறேன். 3...குதிரை எஃப்6-க்கு எதிராக அவர் காட்டிய 4.டி4-ஐயும், 3...மந்திரி சி5-க்கு எதிராக எவன்ஸையும் சேர்த்து வைத்துக்கொள்வதே என் மாணவர்களுக்கு நான் தரும் தொகுப்பு. எவன்ஸை விட்டுவிட மனமில்லை. அதை ஆடிப் பழகியவர்கள் காய்களை வெளியே கொண்டுவருவதில் காட்டும் வேகம் வேறு தொடக்கங்களிலும் தொடர்கிறது.

இரு குதிரைத் தடுப்பில் 4.குதிரை ஜி5 ஆடி எஃப்7-ஐத் தாக்கும் வழியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அங்கே 4...டி5 5.இ சிப்பாய் டி5-ஐ வெட்டிய பிறகு, குதிரையால் திரும்ப வெட்டாமல் 5...குதிரை ஏ5 என்று அறிந்து ஆடுபவருக்கு எதிராக, 6.மந்திரி பி5 செக், சி6 7.டி சிப்பாய் சி6-ஐ வெட்டுகிறது, பி சிப்பாய் வெட்டுகிறது என்று சிப்பாய் ஒன்றைப் பெறுபவர் வெள்ளை, வேகத்தைப் பெறுபவர் கறுப்பு. அதாவது கேம்பிட்டின் நல்ல பக்கம் எதிராளிக்குப் போய்விடுகிறது. தாக்க விரும்பும் உங்களுக்கு அது உகந்ததல்ல.

பதில் – ஜி7 மந்திரி

பென்கோவை நெடுங்காலமாக ஆடிவருபவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

1.டி4 குதிரை எஃப்6 2.சி4 சி5 3.டி5 பி5 4.சி சிப்பாய் பி5-ஐ வெட்டுகிறது, ஏ6. ஹங்கேரியில் வளர்ந்து அமெரிக்காவுக்காக ஆடிய கிராண்ட்மாஸ்டர் பால் பென்கோவால் புகழ்பெற்ற இந்தக் கேம்பிட், மேலே பேசப்பட்டவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. எவன்ஸில் கொடுத்த சிப்பாய்க்கு ஈடு, வேகம். வேகம் தீர்ந்துவிட்டால் சிப்பாய்க் குறைவு மட்டுமே மிஞ்சும். பென்கோவில் ஈடு நிரந்தரமானது. வெள்ளை ஏ6-இலும் வெட்டிய பிறகு கறுப்புக்கு ஏ, பி என்ற இரண்டு நெடுவரிசைகள் திறந்து கிடைக்கின்றன. ஜி7 மந்திரி நீண்ட மூலைவிட்டம் முழுவதையும் ஆள்கிறது. இரு யானைகளும் ஏ2, பி2 சிப்பாய்களை ஆட்டம் முழுவதும் விடாமல் அழுத்துகின்றன. ராணிகள் மாறிக்கொண்ட பின்னும் இந்த அழுத்தம் குறைவதில்லை, பல வேளைகளில் கூடுகிறது. சிப்பாய் ஒன்று குறைந்த நிலையில் இறுதி ஆட்டத்தை விரும்பி வரவேற்கும் தொடக்கங்கள் மிகச் சிலவே.

கறுப்பின் திட்டமும் எல்லாக் கிளைகளிலும் ஏறக்குறைய ஒன்றே. வெள்ளை 7.இ4 தள்ளினால், ஏ6-இல் நிற்கும் மந்திரியால் எஃப்1 மந்திரியை வெட்டுகிறோம். வெள்ளை அரசன் திரும்ப வெட்டிக் கோட்டை கட்டும் உரிமையை இழந்து, ஜி3, அரசன் ஜி2 என்று கையால் நடந்து போக வேண்டியிருக்கும். கறுப்பின் ராணிப் பக்கக் குதிரை டி7 வழியாக பி6-க்கோ இ5-க்கோ செல்லும். மனப்பாடம் குறைவு, புரிதல் அதிகம் என்பதால் வேலைக்குச் செல்வோருக்கு இது பொருந்தும்.

ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு. கிளப் நிலையில் வெள்ளை 2.சி4 ஆடினால்தானே பென்கோ? இன்று அந்நிலையில் டி4 ஆடுபவர்களில் பெருந்தொகையினர் 2.மந்திரி எஃப்4 என்று லண்டன் அமைப்புக்குப் போகிறார்கள். 2.சி4-க்கு 2...இ5 என்று ஆடும் புடாபெஸ்ட் கேம்பிட்டுக்கும் இதே இக்கட்டு, அதற்கும் 2.சி4 வேண்டும். எனவே பென்கோவைத் தொடுவதற்கு முன் லண்டனுக்கு எதிரான விடையை உறுதி செய்யுங்கள். விரைவில் சி5 தள்ளி, சி6-இல் குதிரை வைத்து, ராணியை பி6-க்குக் கொண்டுவந்து பி2-ஐத் தாக்கும் அமைப்பு எளியது. மந்திரி எஃப்4-க்குப் போய்விட்டதால் பி2-ஐக் காக்க ஆளில்லை என்பதே அதன் அடிப்படை. வெள்ளை பென்கோவை ஏற்காமல் 4.குதிரை எஃப்3 என்று விலகுவதும், 5.பி6 என்று சிப்பாயைத் திருப்பித் தருவதும் உண்டு. அவற்றில் நெடுவரிசைகள் அவ்வளவு எளிதாகத் திறப்பதில்லை. அந்த இரண்டையும் சற்று நேரம் செலவிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

சிசிலியனைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்மித்–மோரா நல்ல கேம்பிட், 1.இ4 சி5 2.டி4 டி4-ஐ வெட்டுகிறது 3.சி3 சி3-ஐ வெட்டுகிறது 4.குதிரை சி3-ஐ வெட்டிய பிறகு சி, டி வரிசைகளில் யானைகள் வந்து நிற்கும். ஆனால் 3...குதிரை எஃப்6 4.இ5 குதிரை டி5 என்று மறுப்பவர் உங்களை 2.சி3 அலாபின் கிளைக்கே இழுத்துச் செல்வார். ஆகவே முதலில் அலாபினைக் கற்றுக்கொண்டு, பிறகு விரும்பினால் மோராவைச் சேர்ப்பது உழைப்பை மிச்சப்படுத்தும். பிரெஞ்சுக்கு 3.இ5 அட்வான்ஸ். அதில் 3...சி5 4.சி3 குதிரை சி6 5.குதிரை எஃப்3 ராணி பி6 6.மந்திரி டி3 என்று மில்னர்–பாரி வழியில் டி4 சிப்பாயைக் கொடுக்கலாம். டி4-இல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டவுடன் கறுப்பு அவசரப்பட்டுக் குதிரையால் டி4-ஐ எடுத்தால், குதிரைகள் மாறி ராணி அங்கே வந்ததும் மந்திரி பி5 செக் அந்த ராணியைப் பறித்துவிடும்; அதனால்தான் அறிந்தவர்கள் முதலில் மந்திரியை டி7-இல் வைத்துவிட்டுப் பிறகே சிப்பாயை எடுக்கிறார்கள். காரோ–கானுக்கு (1...சி6) எதிராகக் கேம்பிட் தேடி அலைய வேண்டாம், அங்கேயும் 3.இ5 போதும்.

ஞாயிறு ஆட்டக்காரன்

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. வெள்ளையில் எவன்ஸையும், 3...குதிரை எஃப்6-க்கு எதிராக 4.டி4-ஐயும் எடுத்துக்கொள்கிறேன், மேக்ஸ் லாங்கே கிளையைச் சொந்த ஆட்டத்தில் அது வரும்வரை ஒன்பதாவது நகர்த்தலுக்கு மேல் படிக்கப்போவதில்லை. சிசிலியனுக்கு அலாபின். கறுப்பில் லண்டனுக்கு எதிரான பி6 ராணி அமைப்பை முதலில் ஆடிப் பார்த்துவிட்டு, பென்கோவை அடுத்த போட்டிக்குப் பிறகு தொடுகிறேன். லண்டனில் வெள்ளை ராணி பி3-க்கு வந்து ராணி மாற்றத்துக்கு அழைத்தால் வெட்டிக்கொள்வதா, சி4 தள்ளி விரட்டுவதா?

பதில் – ஜி7 மந்திரி

சி5 சிப்பாய்க்குப் பக்கத்தில் டி5 சிப்பாய் உறுதியாக இருக்கும் நிலையில் பெரும்பாலும் சி4 தள்ளலாம். வெள்ளை ராணி பி6-இல் வெட்டினால் ஏ சிப்பாயால் திரும்ப வெட்டுங்கள். சிப்பாய்கள் இரட்டையாகின்றனவே என்று தயங்க வேண்டாம். ஏ8 யானைக்கு நகராமலேயே வரிசை திறந்துவிடுகிறது, அடுத்து பி5, பி4 என்று அந்த இரட்டைச் சிப்பாயின் முன்னதைத் தள்ளித் தாக்கலாம். ராணி சி2-க்குப் பின்வாங்கினால், மந்திரி எஃப்5 ஆட இயலுமா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பி2 சிப்பாயைக் காக்க வேண்டிய வெள்ளை ராணியால் அந்த மந்திரியைத் தன் விருப்பப்படி வெட்ட முடியாது.